பைன் காட்டுக்கு மழையில் போங்கள்

ஸ்காட்லாந்து வருகிறோம், பழைய பைன் காடு பார்க்க எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால், மாதத்தை விடுங்கள், மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள் என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வெயில் நாளில் போய் நல்ல நல்ல படங்களோடு திரும்புவார்கள். படத்தில் மரம் இருக்கும், ஏரி இருக்கும், ஏரி நடுவே இடிந்த கோட்டையும் இருக்கும். ஆனால் காட்டில் பாதிதான் இருக்கும். மீதிப் பாதி வெயிலில் வேலை செய்யாது.

நான் சொல்வது பாசிகளையும் லைக்கன்களையும். (குளத்துப் பாசியைச் சொல்லவில்லை, அதை இங்கே ஆல்கா என்று எழுதிவிடுகிறேன். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட்டாகப் படருமே, அந்தப் பாசி. லைக்கன் என்பது பட்டையிலும் பாறையிலும் ஒட்டி வளர்கிற, பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்த கூட்டு.) இந்த இரண்டுக்கும் நீரை உறிஞ்ச வேர் கிடையாது, மற்ற செடிகளின் இலைமேல் இருக்கும் கனமான மெழுகுப் பூச்சும் கிடையாது. அதனால் காற்று காய்ந்தால் இவையும் காயும், காற்று ஈரமானால் இவையும் ஈரமாகும். காய்ந்தாலும் சாவதில்லை. மூச்சு, சமையல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அப்படியே கிடக்கும். மழை விழுந்த சில நிமிடங்களில் மறுபடி வேலை தொடங்கிவிடும். வெயிலில் சாம்பல் பூத்து மொறுமொறுவென்று இருக்கிற லைக்கன் நனைந்ததும் பச்சையாகிறதே, அது வெளிச்சம் செய்யும் வித்தை இல்லை. மேல்தோல் நனைந்ததும் ஒளிபுகும் தன்மை வந்து, அடியில் இருக்கும் ஆல்காவின் பச்சை வெளியே தெரிகிறது. நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவில் ரயில் ஏறினால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ஏவிமோர். கெய்ர்ன்கார்ம் மலைகளின் அடிவாரத்தில், ஸ்பே ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். சுற்றிலும் ராதிமர்க்கஸ், க்ளென்மோர், அபர்னெத்தி என்று பக்கத்துப் பக்கத்தில் காடுகள். பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் விலகிய பிறகு இந்த மலைநாட்டுக்குள் வந்து சேர்ந்த ஸ்காட்ஸ் பைன் மரத்தின் நேரடி வாரிசுகள் இங்கே நிற்கின்றன. கேலடோனியக் காடு என்கிறார்கள். ஒரு காலத்தில் பரந்திருந்த அந்தக் காட்டில் இன்று ஒரு சதவீத அளவுதான் மிச்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த மிச்சமும் துண்டு துண்டாக 84 இடங்களில் இருப்பதாக அரசுப் பட்டியல் சொல்கிறது. சில துண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய கிழ மரங்கள்தான். அபர்னெத்திதான் இருப்பவற்றில் பெரியது.

நம்மில் பலருக்குப் பைன் காடு என்றால் கொடைக்கானல். வெள்ளைக்காரர் காலத்தில் வெளியூர் மரத்தைக் கொண்டுவந்து நட்டது. ஒரே வயது, ஒரே உயரம், இடைவெளிகூட ஒன்றுதான். கீழே குனிந்தால் காய்ந்த ஊசியிலைகளும் சிப்ஸ் பாக்கெட்டும். அங்கே பாசி பார்க்க வேண்டுமானால் நடவை விட்டு வெளியே வந்து, மிச்சம் இருக்கும் ஏதாவது ஒரு சோலைக்குள் நுழைய வேண்டும். ஸ்காட்லாந்திலும் நடவுக்காடுகள் ஏராளம், அவற்றின் கதையும் கொஞ்சம் அப்படித்தான். நெருக்கி நட்ட காட்டுக்குள் பகலிலேயே இருட்டாக இருக்கும். தரையில் சருகைத் தவிர அதிகம் எதுவும் வளராது. பழைய காட்டில் மரங்கள் விலகி விலகி நிற்கும். சில மரங்கள் நேராகக்கூட இருக்காது, மார்பளவிலேயே பெரிய கிளைகளை நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு, மரவியாபாரி திரும்பிக்கூடப் பார்க்காத கோணல்மாணலில் நிற்கும். இங்குள்ளவர்கள் இவற்றைப் பாட்டி பைன் என்பார்கள். முன்னூறு வயதுவரை வாழ்வது அபூர்வமில்லை. மேற்கே க்ளென் லாயின் பள்ளத்தாக்கில் வளையம் எண்ணிப் பார்த்த ஒரு மரத்துக்கு வயது 550-க்கு மேல்.

ஆனால் மரத்தின் வயதைப் பார்த்து மட்டும் ஒரு காட்டைப் பழையது என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மரம் எங்கு வேண்டுமானாலும் வளரும். ஒரு பூங்காவிலோ மாதாகோயில் வளாகத்திலோகூட முன்னூறு வயது மரம் நிற்கலாம், சுற்றிலும் வெட்டிவிட்ட புல்லோடு. காடு காடாகவே எவ்வளவு காலம் விடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிகள் கணுக்கால் உயரத்துக்குக் கீழேயும், பட்டை மேலும், முக்கியமாகச் செத்த மரத்தின் மேலும் இருக்கின்றன.

தரையிலிருந்து தொடங்கலாம். ஹெதர் புதரும் பிளேபெரிச் செடியும் முழங்காலளவு நிற்கும், அவற்றை விலக்கினால் கீழே கால் புதையும் அளவுக்குப் பாசி மெத்தை. முதலில் எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும். மண்டியிட்டு (ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கொண்டுபோவது நல்லது, இல்லாவிட்டால் பேண்ட் அன்று முழுக்கக் காயாது) பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸை, நம் ஊர் நகைக்கடையில் கல் பார்க்கக் கண்ணில் வைப்பார்களே அதே சாமானைத்தான், கண்ணுக்கு ஒட்ட வைத்துக்கொண்டு முகத்தைப் பாசிக்குக் கிட்டே கொண்டுபோனால், ஒரு கைப்பிடி இடத்தில் நாலைந்து வகை இருப்பது தெரியும். சிவப்புத் தண்டோடு இருப்பது ப்ளூரோஸியம். கோழியிறகை நுனியில் சுருட்டிவிட்ட தோற்றத்தில், தொடவே மனம் வராத அழகில் இருப்பது டிலியம். குட்டிப் பைன் நாற்றோ என்று நினைக்கும்படி விறைப்பாக நிமிர்ந்து நிற்பது பாலிட்ரைக்கம்.

எனக்குப் பிடித்தது ஹைலோகோமியம். இது படிப்படியாக வளரும். இந்த ஆண்டின் புதுக்கிளை போன ஆண்டுக் கிளையின் நடு முதுகிலிருந்து கிளம்பி, மேலே போய்ப் படுக்கையாக விரியும். அடுத்த ஆண்டு அதன் முதுகிலிருந்து இன்னொன்று. ஆக ஒரு தண்டை மெதுவாகப் பிரித்துக் கீழ்நோக்கி எண்ணினால் அதன் வயது கிடைக்கும். மேல்படி பளபளக்கும் இளம்பச்சை, அடுத்தது கொஞ்சம் மங்கல், நாலாவது ஐந்தாவது படிக்குக் கீழே பழுப்பேறி மெத்தையோடு மெத்தையாக மக்கிக்கொண்டிருக்கும். மரத்தின் வயதைப் பார்க்க வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் துளைக்க வேண்டும். இதற்கு இரண்டு விரல் போதும். எந்தப் படி குட்டையாக இருக்கிறதோ அந்த ஆண்டு அதற்கு நல்லபடியாக இருக்கவில்லை என்று யூகிக்கவும் செய்யலாம்.

இந்தப் பாசி மெத்தை அழகுக்காக மட்டும் கிடக்கவில்லை. வடக்கத்திக் குளிர்க்காடுகளில் மண் ஏழை மண். நைட்ரஜன் பற்றாக்குறைதான் பெரிய பிரச்சினை, ஆனாலும் மரங்கள் எப்படியோ வளர்ந்துகொண்டிருந்தன. நம் வயலில் பயறு, உளுந்து விதைத்தால் அதன் வேர்முடிச்சு காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். இங்கே அப்படிப்பட்ட செடிகள் அதிகம் இல்லை. 2002-இல் ஸ்காண்டிநேவியக் காடுகளில் ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரு விடையைச் சொன்னார்கள்: மேலே சொன்ன அந்தச் சிவப்புத் தண்டு ப்ளூரோஸியத்தின் இலைகளுக்குள் நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா குடியிருக்கிறது, அது ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடிக்கிறது. யூரியா மூட்டை கணக்கில் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும், நூற்றாண்டுக் கணக்கில், யாரும் சுமந்து கொட்டாமல் அந்தக் காட்டுக்கு வந்து சேர்கிறது என்று யோசித்தால் சின்னத் தொகையாகத் தெரியவில்லை. எங்கும் கிடக்கிற, சரக்கு கட்டும்போது இடுக்கில் திணிக்கக்கூடிய ஒரு பாசி. பல தலைமுறைத் தாவரவியலாளர்கள் மிதித்துக்கொண்டு நடந்திருப்பார்கள்.

பள்ளமான, நீர் தேங்கும் இடங்களில் ஸ்பேக்னம் வந்துவிடும். சிவப்பு, இளம்பச்சை, காவி எனப் பல நிறத் திட்டுகள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் குழாயைத் திறந்துவிட்டதுபோல நீர் கொட்டும். தன் உலர்ந்த எடையைப்போல இருபது மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் என்பார்கள். அதன் இலைகளில் பெரும்பகுதி செத்துக் காலியான செல்கள். சுவரில் துளைகளோடு வெறும் தொட்டிகளாக நிற்கின்றன, அவற்றுக்கு நடுவில் மெல்லிய கோடாக உயிருள்ள பச்சை செல்கள். நீரை உறிஞ்சும், அமிலத்தன்மை இருப்பதால் கிருமிகளுக்கும் பிடிக்காது. முதல் உலகப் போரில் பஞ்சு வெடிமருந்துக்குப் போய்விட, கட்டுப்போடப் பஞ்சு கிடைக்காமல் திண்டாடியபோது எடின்பரோ அறுவை மருத்துவர் சார்லஸ் காத்கார்ட் இந்தப் பாசியைக் காயக்கட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று விடாமல் வலியுறுத்தினார். ஊர் ஊராகப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சதுப்பில் இறங்கிச் சேகரித்து, குச்சி பொறுக்கி, காயவைத்துத் துணிப்பைகளில் அடைத்தார்கள். 1918 வாக்கில் மாதத்துக்குப் பத்து லட்சம் கட்டுகள் அளவுக்குப் பிரிட்டனிலிருந்து போயின.

சரி, இனி லைக்கன்.

போன இலையுதிர்காலத்தில் காரைக்குடிப் பக்கத்திலிருந்து என் பெரியம்மா வந்திருந்தார். சேலைமேல் ஸ்வெட்டர், அதன்மேல் என் மழைக்கோட்டு, காலில் புது ஷூ. லாக் ஆன் ஐலென் ஏரியைச் சுற்றி நடக்கக் கூட்டிப் போனேன். இரவு காற்று அடித்திருந்ததால் பாதையெங்கும் ஒடிந்து விழுந்த பைன் சுள்ளிகள். பெரியம்மா ஒரு சுள்ளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏண்டி, இது நம்ம கல்பாசில்ல?”

மோந்து பார்த்தார். “வாசம் வரலையே. ஆனா எண்ணெயில விழுந்தாத்தானே அதுவும் மணக்கும்.” சொல்லிக்கொண்டே கோட்டுப் பையைத் திறந்துவிட்டார். நான் வேண்டாம் பெரியம்மா, எல்லாமே திங்கிறது இல்லை என்று கையைப் பிடித்தேன்.

ஆனால் அவர் கண் தப்பான கண் இல்லை. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான், பார்மோட்ரீமா என்ற பேரினம். அந்தச் சுள்ளியில் இருந்தது பிளாட்டிஸ்மேஷியா கிளாக்கா, ஓரம் சுருண்ட சாம்பல் இலைகளாக இருக்கும். கூடவே ஹைப்போஜிம்னியா என்ற, உப்பிய குழல் குழலான இன்னொன்று. பக்கத்துக் கிளையில் பச்சை நரைத் தாடியாகத் தொங்கியது அஸ்னியா. கறுப்புத் தலைமுடிச் சிக்காகத் தொங்கியது ப்ரையோரியா. பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த நாலும், நம் அஞ்சறைப் பெட்டிக் கல்பாசியும் ஒரே குடும்பம், பார்மீலியேசியே. பெரியம்மாவிடம் சொன்னேன். “பாத்தியா” என்றார், அவ்வளவுதான்.

தின்ன வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. லைக்கன்கள் விதவிதமான அமிலங்களைத் தயாரிப்பவை. பளீர் மஞ்சள் நிறத்தில் ஸ்காண்டிநேவியப் பைன் காடுகளில் செத்த மரங்கள்மேல் வளரும் ஓநாய் லைக்கனை அந்தக் காலத்தில் ஓநாய்க்கு விஷம் வைக்கப் பயன்படுத்தினார்கள். அதில் இருப்பது வல்பினிக் அமிலம். ஸ்காட்லாந்தில் இந்த அமிலங்கள் வேறு வேலைக்கு உதவின: பாறையிலிருந்து சுரண்டிய பார்மீலியா லைக்கனைக் கம்பளி நூலோடு சேர்த்துக் கொதிக்கவைத்துச் செம்பழுப்புச் சாயம் ஏற்றினார்கள், க்ராட்டல் என்று பேர். ஹாரிஸ் ட்வீட் துணிக்கு இருந்த அந்தத் தனி வாசனையில் இதற்கும் பங்கு உண்டு.

லைக்கன் என்பது ஒற்றை உயிர் இல்லை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம்: பூஞ்சை வீடு கட்டும், ஆல்கா சமைக்கும். இன்று இரண்டு மதிப்பெண் கேள்வியாகிவிட்ட இந்த விஷயத்தை 1867-இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது லைக்கன் அறிஞர்கள் கொதித்துப் போனார்கள். அவர்களில் முக்கியமானவர் வில்லியம் நைலாண்டர், பின்லாந்துக்காரர், பாரிஸில் இருந்தவர். வேடிக்கை என்னவென்றால், நகரத்தின் புகைக் காற்றில் லைக்கன்கள் மறைந்துபோகின்றன, இவற்றை வைத்தே காற்றின் தூய்மையை அளக்கலாம் என்று 1866-இல் பாரிஸ் லக்ஸம்பர்க் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னவரும் இதே நைலாண்டர்தான். அவ்வளவு கூர்மையாகப் பார்த்த மனிதர், லைக்கன் இரண்டு உயிர்களின் கூட்டு என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை.

கதை இரண்டோடும் முடியவில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் இரண்டு ப்ரையோரியா லைக்கன்கள் உண்டு. ஒன்று பழுப்பு, அங்குள்ள பூர்வகுடிகள் உணவாகச் சமைத்தது. மற்றது மஞ்சள், அந்த வல்பினிக் அமிலம் நிறைந்தது. இரண்டிலும் அதே பூஞ்சை, அதே ஆல்கா. பிறகு ஏன் ஒன்று உணவு, ஒன்று விஷம்? 2016-இல் டோபி ஸ்பிரிபில் குழுவினர் மேல்தோலுக்குள் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சளில் அது மிக அதிகம். நுண்ணோக்கிக்கு அடியில் நூற்றைம்பது ஆண்டுகள் பார்க்கப்பட்ட ஒரு பொருளில் இப்படி ஓர் ஆள் கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த ஈஸ்டின் வேலை என்ன என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. ஏவிமோர் பக்கம் கறுப்புச் சிக்காகத் தொங்கும் ப்ரையோரியாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மொன்டானாச் சொந்தக்காரர்கள் நினைவுதான்.

நடவுக் காட்டிலும் லைக்கன் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஹைப்போஜிம்னியா எங்கும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இலைவகை லைக்கன் ஓர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். பாட்டி பைனின் தடித்த, பாளம்பாளமாக வெடித்த பட்டையில் மழை ஓடி இறங்கும் பக்கம் ஒன்று, மழை எட்டாத பிளவு ஒன்று, வெயில் விழும் மேல்கிளை இன்னொன்று என ஒரே மரத்தில் பல இடங்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள். எழுபது, எண்பது வயதில் வெட்டி எடுக்கப்போகிற வழுவழு மரத்தில் அத்தனைக்கும் இடமும் கிடையாது, நேரமும் கிடையாது.

காலம் என்றதும் யாரும் கை வைக்காத கன்னிக்காடு என்று நினைத்துவிட வேண்டாம். அபர்னெத்தியில் 1728-இல் யார்க் பில்டிங்ஸ் கம்பெனி என்ற லண்டன் நிறுவனம் 60,000 மரங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. வெட்டிய மரத்தைத் தெப்பம் கட்டி ஸ்பே ஆற்றில் கடல்வரை மிதக்கவிட்டார்கள். கம்பெனி நொடித்துப்போனது, வெட்டு நிற்கவில்லை. இரண்டு உலகப் போர்களிலும் கனடாவிலிருந்து மரவெட்டிகளைக் கொண்டுவந்து இந்த மலைநாட்டுக் காடுகளைச் சாய்த்தார்கள். இன்று பழைய காடு என்று நாம் நடப்பது, கோடரி எட்டாத மூலைகள், வளைந்திருந்ததால் தப்பித்த மரங்கள், அவற்றின் விதையில் தானாக முளைத்த பிள்ளைகள் இவற்றின் தொகுப்பு. அந்த மூலைகளில் ஒட்டிக்கொண்டு பிழைத்த பாசியும் லைக்கனும்தான் மறுபடி வெளியே பரவியிருக்கின்றன. மூலை ஒன்றுகூட மிஞ்சாத பள்ளத்தாக்குகளில் பைன் நட்டால் பைன் மட்டும்தான் சீக்கிரம் வரும்.

கோடரிக்குப் பிறகு மான். வேட்டைக்காகப் பெருகவிட்ட செம்மான்கள் முளைக்கிற பைன் கன்றையெல்லாம் மேய்ந்துவிட, நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பல இடங்களில் பாட்டிகள் மட்டும் நின்றார்கள், பேரப்பிள்ளைகள் இல்லை. 1988-இல் அபர்னெத்தியின் பெரும்பகுதியை ஆர்எஸ்பிபி என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியது. வேலி போடலாமே என்றால் கேப்பர்கெய்லி என்ற வான்கோழி அளவுள்ள காட்டுப் பறவை வேகமாகத் தாழப் பறந்து கம்பிவேலியில் மோதிச் செத்தது. அதனால் வேலிகளை எடுத்துவிட்டு மான்களைச் சுட்டு எண்ணிக்கையைக் குறைத்தார்கள். கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இன்று ஹெதருக்குள் இடுப்பளவு பைன்கள் எழும்பி நிற்பதைப் பார்த்தால் அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. கேப்பர்கெய்லி மட்டும் தேறவில்லை. ஸ்காட்லாந்தில் ஒருமுறை அழிந்து, 1837-இல் ஸ்வீடனிலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்ட பறவை அது. 2021–22 கணக்கெடுப்பில் 542 என்று மதிப்பிட்டார்கள். வசந்தத்திலும் கோடையிலும் போகிறவர்கள் தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள். பாதை ஓரத்திலேயே ஆயுசுக்கும் பார்க்கப் போதுமான பாசி இருக்கிறது.

மிச்சம் இருப்பது செத்த மரம். என்னைக் கேட்டால் இதுதான் காட்டின் மிகப் பணக்காரப் பகுதி.

பைன் பிசின் ஏறிய மரம். செத்த பிறகும் பட்டை உரிந்து, வெள்ளி நிறமேறி, எலும்பாகப் பல பத்தாண்டுகள் நின்றபடி இருக்கும். அந்தக் காய்ந்த, கெட்டியான மரத்தில் மட்டும் வளரும் லைக்கன்கள் உண்டு, குண்டூசித் தலைகளாகக் கறுப்பாக நிற்பவை, லென்ஸ் இல்லாமல் தெரியாது. மரம் சாய்ந்த பிறகு வேறு கூட்டம் வரும். மக்கத் தொடங்கிய அடிக்கட்டையில் க்ளடோனியா லைக்கன்கள் குட்டிக் கிண்ணங்களாகவும், நுனியில் பளிச்சென்ற சிவப்போடு தீக்குச்சிகளாகவும் எழும். அந்தச் சிவப்புக்காரரின் ஆங்கிலப் பேர் சாத்தானின் தீக்குச்சி. இன்னும் மக்கி, விரல் அழுத்தினால் உள்ளே போகும் பதத்துக்கு வந்த ஈரக்கட்டையில், அதிர்ஷ்டம் இருந்தால், பக்ஸ்பாமியா விரிடிஸ் கிடைக்கும். அதற்கு இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிறு காம்பில் பச்சைக் கோதுமை மணி ஒன்று சாய்வாக நிற்கும், அதுதான் வித்துப்பை, கண்ணுக்குத் தெரிகிற முழுச் செடியும் அதுவே. ஐரோப்பா முழுக்கப் பாதுகாக்கப்பட்ட இனம், கூட்டத்தோடு தேடுகிற ஆர்வலர்கள் இருக்கிறார்கள், ஆனால் நத்தையினத்து ஸ்லக்குகள் அவர்களுக்கு முன்னால் போய்க் கடித்துவிடும். நான் பார்த்தவற்றில் காம்பு மட்டும் மிஞ்சியவைதான் அதிகம்.

பைன் ஹோவர்ஃபிளை என்ற ஓர் ஈ இருக்கிறது. அதன் புழு, பெரிய பைன் அடிக்கட்டையின் நடுவில் மக்கி நீர் தேங்கிய குழிக்குள் மட்டுமே வளரும். பெரிய மரம் பெரிதாகிச் சாக யாரும் விடாததால் அந்தக் குழிகளும் இல்லாமல் போய், பிரிட்டனில் இந்த ஸ்பே பள்ளத்தாக்கின் சில துண்டுகளோடு ஒடுங்கிவிட்டது. இப்போது ஆட்கள் இயந்திர ரம்பத்தால் அடிக்கட்டையில் குழி வெட்டி, மரத்தூளும் நீரும் போட்டுவைக்கிறார்கள். வனவிலங்குப் பூங்காவில் வளர்த்த ஈக்களைக் கொண்டுவந்து காட்டில் விடுகிறார்கள். ஈக்குத் தொட்டில் கட்டுகிற நாட்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. கெய்ர்ன்கார்ம்ஸ் கனெக்ட் என்று பக்கத்துப் பக்கத்து நில உரிமையாளர்கள் சேர்ந்து 600 சதுர கிலோமீட்டரில் காட்டை மீட்க 200 ஆண்டுத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் பழைய நடவுகளைச் சீர்செய்வது ஒரு பகுதி. ஒரே வயதில் நிற்கும் ஆரோக்கியமான மரங்கள் செத்துச் சாய்ந்து, மக்கி, பாசி ஏறக் காத்திருந்தால் நூறு ஆண்டு ஆகும் என்பதால், சில மரங்களின் பட்டையை வளையமாகச் சீவி நின்றபடி சாகவிடுகிறார்கள். சிலவற்றை இரும்புக் கயிறு கட்டி வின்ச் வைத்து வேரோடு இழுத்துச் சாய்க்கிறார்கள். சாய்ந்த மரத்தை எடுப்பதில்லை, அங்கேயே போட்டுவிடுகிறார்கள். வேர் பெயர்ந்த குழியில் நீர் தேங்கும், கிளம்பிய மண்ணில் புது விதை விழும்.

இதைப் பெரியம்மாவிடம் விளக்கிக்கொண்டே வந்தேன். காரைக்குடியில் அவர் புகுந்த வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு, அந்தக் காலத்தில் கப்பலில் வந்தவை. மரத்தின் மதிப்பு தெரிந்த மனுஷி. பாதையோரம் விழுந்து கிடந்த ஒரு பெரிய பைனை, அதன்மேல் அரைச்சாண் உயரத்துக்கு ஏறியிருந்த பாசியோடு சேர்த்து, நின்று நிதானமாகப் பார்த்தார்.

“இது தானா விழுந்ததா, இழுத்துவிட்டதா?”

தானாகத்தான் பெரியம்மா, இது ரொம்ப நாளைக்கு முன்னாடி என்றேன்.

“அப்போ நல்லா நிக்கிற மரத்தைக் கயிறு கட்டி இழுத்துப்போட்டு, விறகுக்கும் எடுக்காம, அது மக்குற வரைக்கும் ஆள் வச்சுப் பார்த்துக்கிறாங்களா?”

“ஆமா பெரியம்மா.”

“சம்பளம் குடுத்தா?”

“சம்பளம் குடுத்துத்தான்.”

கொஞ்ச தூரம் ஒன்றும் பேசாமல் நடந்தார். அப்புறம், வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா, அவர் தங்கச்சி மகன் சும்மாதான் இருக்கிறான் என்றார்.